காயமில்லாத இடத்தில் தழும்பு

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் உங்கள் விரல் நுனிகள் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, அதற்கப்புறம் சிவந்து எரிகிறதா? அப்படியென்றால் தயவு செய்து எங்களைப் போல வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பாதிப் பேருக்கு மேல் அது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனாலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் சுதா போனில் தட்டுகிறாள். நான் தப்பாகச் சொல்கிற இடங்களை அவளே திருத்திவிடுகிறாள். இப்போது ஒரு டிரிப்ஸுக்கும் அடுத்த டிரிப்ஸுக்கும் நடுவில் வீட்டில் இருக்கிறேன். மூச்சு இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இப்படிப் பேசினால் சுதாவுக்குக் கோபம் வரும். ஆனாலும் அதைத் திருத்தாமல் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் நான். கட்டை அடுக்குவதுதான் என் வேலை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பலகையில் குச்சியைப் பரப்பி, ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று விரலால் தடவித் தடவி உட்கார வைக்க வேண்டும். பிறகு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து இறுக்கினால் அது ஒரு கட்டை. அதைத்தான் குச்சித் தலைக்கான தீ மருந்தில் முக்குவார்கள். பெரிய ஆபீசுகளுக்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. எங்களுடையது சின்ன ஆபீஸ், இன்னும் கைதான். பழகியவளுக்குக் கண் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிறவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுக்கலாம்.

அந்த விரல்தான் முதலில் போனது. காலையில் எழுந்தால் கை உப்பியிருக்கும், முஷ்டி பிடிக்க வராது. குச்சி நழுவும். எல்லோரும் அடுக்கி முடித்து எழுந்த பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன். கணக்கப்பிள்ளை ஒருநாள், “என்ன ராமலச்சுமி, குச்சியோட குடும்பக் கதையெல்லாம் பேசி முடிச்சுத்தான் உக்கார வைப்பியோ” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அப்போதே பயம் பிடித்துவிட்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ் வளைவில் சாய்ந்தால் பயம், சுதா வேலைக்குப் போய்ப் போன் எடுக்காவிட்டால் பயம். இப்படி எப்போதும் பயந்துகொண்டிருப்பவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நிஜமாகவே ஒன்று வந்து, அதை அவள் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். “இவளுக்கு இதே வேலைதான்” என்று விட்டுவிடுவார்கள்.

விட்டுவிடாதவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். வேறொருவருடைய லோடு ஆட்டோவைக் கூலிக்கு ஓட்டுகிறார். அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் என் விரல் பத்தும் வெளுத்துப் போயிருக்கும், தொட்டால் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து ரத்தம் திரும்பும்போது சிவந்து, தீயில் காட்டியது போல எரியும். எங்களுக்குத் தெரிந்தது அந்த எரிச்சல் மட்டும்தான். எங்கள் பக்கம் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் சூடு என்றுதான் சொல்வார்கள். கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு. எட்டு மாதம் வெயில் காய்கிற பூமியில், அதுவும் தீப்பெட்டி மருந்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் குளிரால் ஒரு நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

“மருந்துச் சூடு கையில எறங்கியிருக்கு” என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சருவச்சட்டியில் பானைத் தண்ணீரை ஊற்றி என் முன்னால் வைப்பார். இரண்டு கையையும் பிடித்து உள்ளே விடுவார். சில நாள் ஐஸ் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றப் போயிருந்தால், சாக்கில் சுற்றி ஐஸ்கட்டி கொண்டு வந்து அதையும் போடுவார். கையை விட்டதும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பிறகு மரத்துவிடும். மரத்தால் எரிச்சல் தெரியாது. எரிச்சல் தெரியாததைக் குணமாகிறது என்று நாங்கள் நம்பினோம். அவர் எதிரே குத்த வைத்து உட்கார்ந்து, “இப்பம் எப்படி இருக்கு” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது குறைவு. அதனால் வலித்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மார்கழி பிறக்கும்போது இரண்டு விரல் நுனியில் புண் வந்தது. வெள்ளையாகக் குழி விழுந்து, உள்ளே கறுத்த புண். அதோடு வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். ஒரு டாக்டர் அலர்ஜி என்றார். இன்னொருவர் காசநோயோ என்று சந்தேகப்பட்டுச் சளி எடுத்துப் பார்த்தார், இல்லை என்று வந்தது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். அதை உறிஞ்சுவதற்கு வாய் திறக்க வேண்டும். அப்போதுதான் கவனித்தேன், என் வாய் சுருங்கியிருந்தது. முகத்துச் சுருக்கமெல்லாம் போய்த் தோல் வழவழவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸில் ஒருத்தி, “என்ன பூசுத, வயசு குறைஞ்சிட்டே வருதே” என்று கேட்டாள். அது நோய் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு டாக்டர் என் விரலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூட்டு வாத டாக்டர் என்று எழுதியிருந்தது. எனக்கு மூட்டு வலியே இல்லையே, ஆள் மாற்றி எழுதிவிட்டாரோ என்று மணியாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ரயிலில் ஏறி உட்கார்ந்தது முதல் மதுரை வரைக்கும் கவலைப்பட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற கூடத்துக்கு ஏசி. கறிக்கடை மாதிரி கூட்டம், அதற்குள் அத்தனை குளிர். என் பேரைக் கூப்பிட்டு உள்ளே போவதற்குள் விரல் பத்தும் வெளுத்துவிட்டது. சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் பெரியவர், தலை நரைத்தவர். கையைக் காட்டுங்கள் என்றார், காட்டினேன். எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு என் புறங்கைத் தோலைக் கிள்ளி எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. பலகை மேல் ஒட்டிய காகிதம் போல இருந்தது.

“இந்தப் புண்ணுக்கு என்ன செஞ்சீங்க?”

நான் சொன்னேன். பானைத் தண்ணீர், ஐஸ், எல்லாவற்றையும் சொன்னேன்.

“தண்ணியில வைக்கச் சொன்னது யாரு?”

“நான்தான் சார்” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குளிர் பட்டதும் என் விரலுக்குப் போகிற சின்ன ரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்கின்றன என்று மெதுவாக விளக்கினார். ரத்தம் போகாத நுனி பட்டினி கிடக்கிறது, ரொம்ப நேரம் பட்டினி போட்டால் சதை செத்துப் புண்ணாகிறது. சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், எப்போதும், சித்திரை மாதத்திலும். “தெரியாமத்தானே செஞ்சீங்க. இனிமே வேண்டாம்” என்றார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் மத்தியானம் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“நான்தான் ஓங் கையக் கெடுத்துட்டேன், என்னட்டி?”

“நீங்க என்ன டாக்டருக்கா படிச்சிருக்கீய? பேசாம சாப்பிடுங்க” என்றேன்.

அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை அவர் கையால் எனக்குப் பச்சைத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை, குடிக்கக்கூட.

நோயின் பேர் ஸ்கிளீரோடெர்மா. தோல் கல்லாகிற நோய் என்று அர்த்தமாம். நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று படுக்கையில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நம் உடம்பே நமக்கு எதிராகத் தயாரிக்கிற சரக்கு ரத்தத்தில் இருக்கிறதா என்று அதில் தெரியுமாம், இருந்தது. சி.டி. எடுத்தார்கள். ரொட்டியைத் துண்டு போடுவது போல நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கிற மெஷின் அது. படத்தில் இரண்டு நுரையீரலின் அடிப்பக்கத்திலும், கண்ணாடியில் ஆவி படிந்தது போலத் தெரிந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் கோடு கோடாக இருந்தது. ஆவி மாதிரி இருப்பதை மருந்து கொடுத்துப் பிடிக்கப் பார்க்கலாம் என்றும், கோடு விழுந்தது விழுந்ததுதான் என்றும் டாக்டர் சொன்னார். அந்தக் கோடுகள் நார். நுரையீரல் என்பது பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டியது. அதில் நார் படியப் படிய விரியாது.

எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பதற்குத்தான் ஊதுகிற சோதனை. மூக்கில் கிளிப்பைப் போட்டு, வாயில் குழாயை வைத்து, மூச்சை இழுத்து ஒரே தம்மில் ஊத வேண்டும். என் வாய்க்குள் குழாயே நுழையவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளதை எடுத்து வந்தார்கள். அங்கே இருந்த தம்பி, “ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும், விடாதீங்க” என்று மாடு விரட்டுகிறது போலச் சத்தம் போட்டார். நான் ஊதினேன். என்னிடம் காற்றே இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலே கிளம்பி உடனே விழுந்தது. என் வயசுக்காரிக்கு இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை ஆரம்பித்து, அரை வருஷம் கழித்து மறுபடியும் ஊதிப் பார்த்து, அந்தக் கோடு அங்கேயே நின்றால் பிழைத்தோம். இறங்கினால் வேறு மருந்து. அதற்கும் இறங்கினால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் டாக்டர் வந்து நின்றால் வாய் வராது.

பக்கத்துப் படுக்கை செண்பகத்துடையது. புதியம்புத்தூர்க்காரி, ரெடிமேட் யூனிட்டில் குழந்தைகள் கவுன் தைக்கிறவள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் இதே நோய், எனக்கு முந்தியே வந்தது. விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிவிட்டன. மூக்கில் ஆக்சிஜன் குழாய் போட்டுக்கொண்டுதான் பேசுவாள். ஆனால் பேசுவாள்.

முதல் நாள் நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். “யக்கா, அழுதா மூக்கு அடைக்கும். நமக்கு வாயும் தொறக்காது. பெறகு எது வழியாத்தான் மூச்சு விடுவிய” என்று கேட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்து, இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்தார்கள்.

எனக்கு இட்லியை வீட்டுக்காரர் விரல்கடை அளவுக்குப் பிட்டுப் பிட்டு ஊட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நானும் வாயத் தொறந்து வச்சிருக்கேன், இங்கனயும் ஒண்ணு போடுங்க” என்பாள். அவருக்கு வெட்கம் வந்துவிடும். ஆனால் மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வந்தார். கைக்கு உறை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது கம்பளிக் கையுறை கேட்டால் கோவில்பட்டிக் கடைத்தெருவில் மேலும் கீழும் பார்த்தார்களாம். கடைசியில் ஹாக்கி சாமான் விற்கிற கடையில், கோல் காக்கிறவன் போடுகிற உறையை வாங்கி வந்துவிட்டார். தலையணை மாதிரி இருந்தது. செண்பகம் அதைக் கையில் மாட்டிக்கொண்டு, “யக்கா, எமன் பந்து போட்டா தடுத்துருவேன்” என்றாள். பிறகு அவள் அண்ணன் மூலமாக யூனிட்டிலிருந்து துண்டுத் துணி வரவழைத்து, உள்ளே பனியன் துணி வைத்து, மடங்கிய விரலோடு எனக்கு ஒரு ஜோடி உறை கையாலேயே தைத்தாள். ஊசியைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத்தான் தைத்தாள்.

பக்கத்துக் கட்டிடத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மா வந்தது அப்போதுதான். சின்ன வயசு, சத்தம் வராத செருப்பு. எங்கள் இரண்டு பேர் நடுவிலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொன்னார். இவ்வளவு நாளில் ஒருவர் எங்கள் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

உடம்பில் காயம் பட்டால், நோய்க் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் அங்கே போகும். அவை சொல்லித்தான், நார் செய்கிற செல்கள் நாரை விட்டுக் காயத்தை மூடும். அதுதான் தழும்பு. மூடியதும், போதும் நிறுத்து என்று சொல்லவும் அணுக்கள் உண்டு. “உங்களுக்குக் காயமே இல்லை. ஆனா காயம் இருக்குன்னு அந்த அணுக்கள் சொல்லிக்கிட்டே இருக்கு. வீட்டுச் சுவத்துல விரிசல் இல்லாமலே மேஸ்திரி பூசு பூசுன்னு சொல்றாரு, கொத்தனார் பூசிக்கிட்டே இருக்காருன்னு வைங்க. சுவர் தடிச்சுத் தடிச்சு, கடைசியில ஜன்னலும் அடைபட்டுப் போகும். அந்த ஜன்னல்தான் உங்க நுரையீரல்” என்றார்.

“எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான், தைச்சது மேலயே தைக்கச் சொல்லுவாரு” என்றாள் செண்பகம்.

எந்த அணு அந்த மேஸ்திரி, அதை யார் கிளப்பிவிட்டது, போதும் என்று சொல்ல வேண்டியது ஏன் சொல்லவில்லை என்பது முழுதாகத் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களிடம் கேட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் ரத்தம், முன்கையில் உளுந்து அளவுக்குத் தோல். நான் தீப்பெட்டி மருந்தால் வந்ததா என்று கேட்டேன். என் மனசை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது என்றார். சுதாவுக்கு வருமா என்று கேட்டேன். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வந்துவிடும் என்கிற மாதிரி நோய் இல்லை, பெரும்பாலும் வராது என்றார். பெரும்பாலும் என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

“நான் குடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காதும்மா” என்றார். “நீங்க குடுத்தாலும் குடுக்காட்டியும் வைத்தியம் ஒரே மாதிரிதான்.”

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருக்கிற புண்ணே ஆறவில்லை, புதுசாக ஒன்றை எதற்கு என்று பயம். சதை எடுத்த இடத்திலிருந்து நோய் இன்னும் பரவிவிடுமோ என்று பயம். டாக்டரம்மா ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. செண்பகம் மட்டும் கையை நீட்டினாள். “என் தோல என்னாலயே கிள்ளிப் பாக்க முடியல. நீங்களாச்சும் கிள்ளிப் பாருங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைக் காலம். உடம்புக்குக் காவல்காரர்களான அந்த வெள்ளை அணுக்களைத் தூங்க வைக்கிற மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காவலும் தூங்கும், அதனால் சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்து. வீட்டில் யாராவது தும்மினால் நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் காப்பீட்டு அட்டை ஈடு கொடுத்தது, மாத்திரைக்குக் கொடுக்கவில்லை. என் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. சுதா மில் வேலையில் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். வந்து, வாய் திறக்கும் பயிற்சிக்காக ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக என் பல்லுக்கு நடுவில் சொருகுவாள். “கட்டை அடுக்குதேன்மா” என்பாள். வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து வெந்நீர் போட்டு பிளாஸ்கில் ஊற்றிவிட்டுத்தான் ஆட்டோவை எடுப்பார். நான் பாத்திரத்தில் கை வைத்தால் ஓடி வருவார். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

செண்பகத்தோடு போனில் பேசுவேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். பேச்சைவிட மூச்சுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். “யாராச்சும் ஒட்டுக் கேட்டா தப்பா நெனைப்பாவ” என்பாள். தோல் எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது என்றாள். பங்குனியில் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவள் அண்ணன் எடுத்து, யார் பேசுகிறது என்று கேட்டார். சொன்னேன்.

“தங்கச்சி போயிட்டாம்மா. சளி பிடிச்சுது, ரெண்டே நாளு” என்றார்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம்தான். அடுத்தது நான் என்று தோன்றியது. அழுகை வர இரண்டு நாள் ஆனது.

அடுத்த முறை ஊதும்போது அதே தம்பி, அதே சத்தம். கோடு இறங்கியிருந்தது. கொஞ்சம்தான் என்றார் டாக்டர், ஆனால் இறங்கிவிட்டது. இனி டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்து, வெள்ளை அணுக்களில் ஒரு வகையையே ஒழித்துவிடுகிற மருந்து. அதைக் கொடுப்பதற்கு முன் நுரையீரலுக்குள் கிருமி எதுவும் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, உள்ளே கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டு, அதைத் திரும்ப உறிஞ்சிப் பார்ப்பார்கள். நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அன்றைக்குக் கேட்டேன். இதற்கும் இறங்கினால்?

“நிக்கும்னு நம்புவோம்” என்றார் டாக்டர். “நிக்கலைன்னா வீட்டுல ஆக்சிஜன். அதுக்கு மேல பெருசா ஒண்ணும் கையில இல்லம்மா.”

குழாய் போடுகிற அறைக்கு வெளியே, பச்சைச் சட்டை மாட்டி என்னை உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வராத செருப்போடு அந்த டாக்டரம்மா வந்தார். எப்படியும் தண்ணீர் விட்டு எடுக்கப் போகிறார்கள், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டார். அந்தத் தண்ணீரில் என் நுரையீரலுக்குள் இருக்கிற அணுக்கள் வரும், அவற்றை ஆராய வேண்டும். கூட எடுத்தால் அன்றைக்கு ராத்திரி லேசாகக் காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“போன தடவை வேண்டாம்னீங்க. இந்தத் தடவையும் சொல்லலாம், ஒண்ணும் ஆகாது.”

“இதுல நீங்க என்னத்தையாவது கண்டுபிடிச்சா, அது எனக்கு வந்து சேருமா?”

“சேராதுன்னுதான் நினைக்கிறேன்மா. ரொம்ப வருஷம் ஆகும்.”

பொய் சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

“செண்பகம் குடுத்தாளே, அது இன்னும் இருக்கா?”

“யாரோடது இருக்குன்னு நான் பேர் சொல்லக் கூடாதும்மா. குடுத்தவங்க எல்லாருடையதும் பத்திரமா இருக்கு.”

“எங்கன?”

“ஐஸ் பெட்டியில. வீட்டு ஐஸ் மாதிரி இல்ல, அதைவிடப் பல மடங்கு குளிர். அப்பத்தான் அணுக்கள் கெடாம இருக்கும்.”

“அவளுக்குக் குளிரு ஆகாதே” என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்துவிட்டது.

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரரின் கை என் கையை இறுக்கியது. அவரைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினேன்.

“என்னதையும் அங்கனயே வைங்க” என்றேன். “அவ பக்கத்துல.”